மூன்றாவது தட்டு

செல் வளர்க்கும் ஆய்வகத்தில் அவளுக்குக் 'கோட்டக்கா' என்றே பெயர். தட்டில் படர்ந்த செல்களின் நடுவே பிளாஸ்டிக் முனையால் அவள் கீறும் கோடு, ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும்.

ஒரு குறிப்பிட்ட புரதத்தை நீக்கினால், செல்லின் மேற்பரப்பில் இருந்து வழியை உணரும் ஏற்பிகள் உள்ளே போய்விடும், வழி தெரியாத செல் நகராது, கோடு அப்படியே கிடக்கும். பேராசிரியர் ஆறு வருடமாகச் சொல்லிவந்தது இதுதான்.

காலையில் அந்தப் புரதம் நீக்கிய தட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் கோட்டையே காணோம். செல்கள் நகர்ந்து நிரப்பிவிட்டிருந்தன.

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. "வேற தட்டோட மூடிய மாத்திப் போட்டுட்டீங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் மூடியில எழுதறதே இல்ல சார்." தட்டின் அடியில் எழுதியிருந்ததைக் காட்டினாள். புரதம் நீக்கியதுதான்.

"இன்னொரு தட்டு போட்டுப் பாருங்களேன்."

"இதுவே மூணாவது சார். முதல் ரெண்டு தடவையும் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன்."