வெள்ளைக்கார அக்காவும் மைக் செட்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து, திருவண்ணாமலையில் சாலையைக் கடக்க மறுபடியும் இடம் கிடைத்த சமயம் அது. நான் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸின் வரவேற்பில் வேலை பார்த்தேன். வெந்நீர் வரவில்லை, குரங்கு சோப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று பல நாட்டுக்காரர்கள் வந்து புலம்பிப் புலம்பி, என் இங்கிலீஷ் நன்றாகவே தேறியிருந்தது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தக் குழந்தைகள் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மா என்னைத் தேடி வீட்டுக்கே வந்தார். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் இல்லம். அப்பா அம்மா இல்லாத சின்னப் பெண்கள் தங்கிப் படிக்கும் இடம். கிறிஸ்தவர்கள் நடத்துவது. தினமும் அந்த கேட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போவேன், ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

"வெளிநாட்டு சர்ச்ல இருந்து பசங்க ரெண்டு வாரம் சேவை செய்ய வர்றாங்கம்மா. அவங்க பேசறது எங்க பிள்ளைங்களுக்குப் புரியாது, பிள்ளைங்க பேசறது அவங்களுக்குப் புரியாது. சாயங்காலம் மட்டும் நீ கூட இருந்து எடுத்துச் சொல்லணும்" என்றார் அவர். எங்கள் வீட்டில் அண்ணாமலையாரைத்தான் கும்பிடுவோம். ஆனாலும் நல்ல காரியம்தானே என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷம் முதல் நாள் சாயங்காலமே பாதி போய்விட்டது.

வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாக, சோள நாரின் நிறத்தில் முடி. அவள் தரையில் உட்கார்ந்ததுதான் தாமதம், பிள்ளைகள் சுற்றி மொய்த்துவிட்டார்கள். அந்த முடியைத் தொட்டுப் பார்க்க, பின்னிவிட, அவிழ்த்து மறுபடி பின்ன அவ்வளவு போட்டி. இடுப்புக்குக் கீழே தொங்கும் என் கூந்தலை ஒரு பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த அரை மணி நேரத்தில் அவள் 'அக்கா' ஆகிவிட்டாள். நான் 'மிஸ்'.

அந்தக் கூட்டத்தில் ஒரு குட்டி என் கண்ணிலேயே நின்றாள். ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை, எதைக் கேட்டாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகியும் குழந்தை இல்லை. அதனாலோ என்னவோ, அவள் ஒரு தடவை என் மடியில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று மனசு கிடந்து தவித்தது. அவளோ வெள்ளைக்கார அக்காவின் மடியை விட்டு இறங்கவே மாட்டாள்.

"மிஸ், அக்கா இன்னா சொன்னாங்க?" என்று என்னைக் கேட்பாள். நான் சொல்லி முடிப்பதற்குள் முகம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவள் சொன்ன பதிலை நான் இங்கிலீஷில் சொல்வேன், அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொள்வாள். கல்யாண வீட்டில் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மைக் செட்டை யாரும் கொஞ்சுவதில்லை. என் நிலைமையும் அதுதான். "நீ ரொம்ப அழகா இருக்கேன்னு சொல்றாங்க", "உன்னை ரொம்பப் பிடிக்குமாம்" என்று என் வாயாலேயே, என் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தேன். பிரியம் மட்டும் அந்தப் பெண்ணின் கணக்கில் சேர்ந்தது.

ஒரு நாள் அந்தப் பெண் காணாமல் போன ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னாள். நான் அதைத் தமிழில் சும்மா ஒப்பிக்கவில்லை. ஆட்டுக்குட்டி மாதிரி கத்தி, மேய்ப்பன் முள்ளில் மாட்டிக்கொண்டதாக நானே ஒரு துண்டு சேர்த்து, நடித்தே காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதை முடிந்ததும் எல்லோருமாக ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஆடு மாதிரி கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மறுநாள் தேரடித் தெருக் கடையில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு போனேன். லஞ்சம்தான், வேறென்ன! அந்தக் குட்டிக்கு மட்டும் ஒன்று ஜாஸ்தியாகக் கொடுத்தேன். பல்லில்லாத வாயோடு அகலமாகச் சிரித்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் அந்த இன்னொன்றைக் கொண்டுபோய் வெள்ளைக்கார அக்காவின் வாயில் ஊட்டினாள். வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அது நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதைவிட மோசம், குட்டி கீழே விழுந்த நாள். பாண்டி ஆடும்போது கால் இடறி, முட்டி தேய்ந்து ரத்தம் வந்துவிட்டது. நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன், கையைக்கூட நீட்டிவிட்டேன். என்னைத் தாண்டி ஓடிப்போய் அந்த மடியில் விழுந்து, "எரியுதுக்கா, எரியுது" என்று தமிழில் அழுதாள். அந்தப் பெண் பதறிப்போய் நிமிர்ந்து, என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு எரிகிறதாம் என்று நான் நின்ற இடத்திலிருந்தே இங்கிலீஷில் சொன்னேன். அன்று ராத்திரி என் கணவரிடம், "ரெண்டு வாரத்துல பிளேன் ஏறிப் போறவளுக்கு எதுக்கு இவ்ளோ? நான் இந்த ஊர்க்காரிங்க, இங்கியே இருக்கறவ!" என்று பொரிந்து தள்ளினேன். அவர் பாவம், சாப்பிட்ட தட்டோடு எழுந்து போய்விட்டார்.

ஒரு வழியாகக் கடைசி நாள் வந்தது. விமான நிலையத்துக்குப் போக வேன் வாசலில் நின்றது. பிள்ளைகள் அழுதார்கள், வந்தவர்களும் அழுதார்கள். உள்ளுக்குள் எனக்கு நிம்மதி. அந்தப் பெண் குட்டியின் முன்னால் மண்டி போட்டு, உன்னை மறக்கவே மாட்டேன், தினமும் உனக்காக ஜெபம் செய்வேன் என்றாள். நான் தமிழில் சொன்னேன். குட்டி சமர்த்தாகத் தலையாட்டினாள். அவள் அழவில்லை. இப்படி எத்தனையோ வேன்களை அவள் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

அவள் ஏதாவது சொல்ல ஆசைப்படுகிறாளா, கேளுங்கள் என்றாள் அந்தப் பெண். கேட்டேன். குட்டி தலையைச் சாய்த்து, முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மிஸ், அவங்க பிளேன்ல போவாங்க. நீங்க எதுல போவீங்க?"

"நானா? எனக்கு எதுக்குடி கண்ணு வண்டி? அடுத்த தெருதானே, நடந்தே போயிடுவேன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "போன வருஷம் அக்காங்க பேசற இங்கிலீஷ எங்களுக்கு எடுத்துச் சொன்ன மிஸ்ஸும் நடந்துதான் போனாங்க. அவங்க வீடும் இங்கதான், மெயின் ரோட்டுல. அந்த அக்காங்கள்லாம் போனப்புறம் மிஸ் வரவே இல்ல. நீங்களும் வர மாட்டீங்கல்ல?"

குற்றம் சொல்லும் குரலே இல்லை. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். தூரத்து ஊர்க்காரி போய்விடுவாள் என்பதை இந்தக் குழந்தை என்றைக்கோ ஏற்றுக்கொண்டுவிட்டாள். பக்கத்துத் தெருவிலேயே இருந்துகொண்டு வராமல் போகிறவர்களைத்தான் அவளுக்குப் புரியவில்லை. என் மடியில் வந்து உட்காரமாட்டாளா என்று இரண்டு வாரம் வெந்து செத்தேனே, அந்த மடிக்கு அவள் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வேன் போனதும் நானும் வராமல் போகிற ஆள்தான். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் வரை மறுவாரம் அங்கே போகும் எண்ணமே எனக்கு இல்லை.

என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கேட்டாள். இரண்டு வாரமாக ஒரு வார்த்தை விடாமல் சொல்லி வந்தவள் நான். "இது உங்களுக்கு இல்லை, எனக்குச் சொன்னது" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக எழுந்து வேனுக்குப் போனாள். நான் அவள் மண்டி போட்டிருந்த அதே இடத்தில் உட்கார்ந்து, "சனிக்கிழமை வரேன்" என்றேன். குட்டி "சரி மிஸ்" என்றாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

சனிக்கிழமை போனேன். ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். அவள் பாண்டி ஆட்டத்தை நிறுத்தாமலே, "வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒற்றைக் காலில் அடுத்த கட்டத்துக்குத் தாவினாள். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். பொங்கல் கழிந்து ஒரு நாள், பேன் பார்க்கச் சொல்லித் தானாக வந்து என் மடியில் தலையை வைத்தாள். கண்ணீர் மறைத்ததில் எனக்கு அன்றைக்கு ஒரு பேனும் அகப்படவில்லை.

வருடா வருடம் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள், நான்தான் இன்னும் மைக் செட். அவர்கள் வந்து இறங்கியதும் அந்தக் குட்டி, இப்போது கொஞ்சம் வளர்ந்தவள், என்னை அம்போவென்று விட்டுவிட்டு ஓடிப்போகிறாள், எனக்கும் வயிறு எரியத்தான் எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும், அவர்களை வழியனுப்பிய அடுத்த சனிக்கிழமை கேட் சத்தம் கேட்டதும் அவள் தலையைத் தூக்கி யாரென்று பார்க்கிறாளே, அப்போது அங்கே நிற்பது நானாக இருந்தால் போதும்.