கறுப்புப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, பாரிசின் புறநகரான கார்ஜ் நிலையத்தில் ரயில் ஏறினோம். பாரிசுக்குச் சீட்டு இரண்டரை யூரோ. நான் மதுரைக்காரன்; கணினி வேலையாக ஒரு மாதம் வந்தவன். எனக்கு வீட்டில் இடம் கொடுத்திருக்கும் சுகந்தன் அண்ணை யாழ்ப்பாணத்தவர், பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். அவர் மடியில் துவாலையில் சுற்றிய ஒரு பெட்டி. கைக்குழந்தையைக்கூட யாரும் இவ்வளவு பதமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

பெட்டிக்குள் இருந்தது முப்பது வருடத்துக்கு மேல் பழைய ஜப்பானிய வீடியோ கேம் எந்திரம், கறுப்பு நிறம். அதே காலத்தில் இன்னொரு நிறுவனம் செய்தது வெள்ளை. இரண்டுமே ஐரோப்பாவில் அதிகம் விற்கவில்லை. ஆனாலும் அன்று இறக்குமதிக் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி ஏங்கிய பிரெஞ்சுப் பிள்ளைகள், இன்று தலை நரைத்த பிறகும் கறுப்புக் கட்சி, வெள்ளைக் கட்சி என்று பிரிந்து நிற்கிறார்கள். ஆளுக்கொரு சங்கம், ஆளுக்கொரு சிற்றிதழ். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சிரியாதையும் தம்பி. பாஷை தெரியாமல் வந்த வயசிலை எனக்கு முதல் சிநேகிதர் கிடைச்சது அந்தக் கடை வாசலிலைதான்" என்றார் அண்ணை.

பாரிஸ் வடக்கு நிலையத்தில் இறங்கி, பெர்தொனே தெருவில் ஆளுக்கொரு வடையும் தேநீரும் முடித்தோம். அண்ணைக்கு வடை இறங்கவில்லை. இரு சங்கமும் வருடத்துக்கு ஒருமுறை ஒரே மண்டபத்தில் கூடுமாம். பெரிய திரையில் முதல் ஆட்டம் எப்போதும் வெள்ளைக்காம். இந்த வருடம்தான் சீட்டுக் குலுக்கியதில் கறுப்புக்கு விழுந்திருக்கிறது.

"இண்டைக்கு இது வேலை செய்யாட்டில், திரை திரும்பவும் அவைக்குத்தான்" என்றார்.

மண்டபம் பத்து நிமிட நடை. நுழைவு ஐந்து யூரோ. உள்ளே அப்பாமார் விளையாட, பிள்ளைகள் பொறுமையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்கு அண்ணை மேடை ஏறி, தடித்த புத்தகம் போன்ற ஆட்டக் கசெட்டைச் செருகினார். திரை முழுக்க வெறும் பச்சை. கழற்றிச் செருகினார். மறுபடியும் பச்சை.

"ஊதிப் பாருங்கண்ணே, எங்க ஊர்ல அப்படித்தான் செய்வோம்" என்றேன்.

"சும்மா இரும்!"

வெள்ளைச் சங்கத்துத் தலைவர் மத்தியூ மேடைக்கு வந்தார். நெடிய மனிதர். திரையைக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கசெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதிலிருந்த மஞ்சள் தூளைக் காட்டிப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டார்.

அண்ணை முகம் செத்துப்போனது. "சரஸ்வதி பூசைக்கு எல்லாத்தையும் படத்துக்கு முன்னாலை வைச்சனாங்கள் தம்பி. மேலை சந்தனப் பொட்டு வைச்சால் லேபிள் பழுதாப் போயிடும் எண்டு கீழ்ப்பக்கமா வைச்சனான்." கீழ்ப்பக்கத்தில்தான் எந்திரத்தோடு சேரும் செம்புப் பற்கள் இருக்கின்றன. சேகரிப்பவருக்கு லேபிள்தான் உயிர். பக்தருக்குப் பொட்டு இல்லாமல் ஆகாது. இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்ததுதான் வினை.

தூசி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அண்ணை மறைக்காமல் பிரெஞ்சில் முழுவதையும் சொன்னார். மத்தியூ சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சியும் எடுத்து, தரையில் சம்மணமிட்டு ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். நான்காவது குச்சியில் மஞ்சள் ஒட்டவில்லை. செருகியதும் இசை கிளம்பியது. இரு கட்சியும் கைதட்டியது.

மதுரையில் எங்கள் தெருவுக்கே ஒரு வீடியோ கேம் பெட்டிதான். எந்த நிறுவனத்தினுடையது என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த முறை யாருக்கு என்பதே சண்டை. கட்சி கட்ட இரண்டு பெட்டி இருந்திருந்தால் நாங்களும் கட்டியிருப்போம். ரயிலில் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. மனம் நிறைந்தும் இருந்தது.

மாலை கிளம்பும்போது மத்தியூ தன் வெள்ளை எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணையிடம் ஏதோ கேட்டார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"தன்ரை பெட்டிக்கும் ஒரு பொட்டு வேணுமாம்."

அண்ணையின் பையில் கோயில் சந்தனம் மடித்த தாள் இருந்தது. அண்ணை விரலைத் தண்ணீரில் நனைத்துச் சந்தனத்தைக் குழைத்து, வெள்ளை மூடியின் நட்டநடுவில் வைத்தார். பிறகு துவாலையை அவிழ்த்து, தன் கறுப்புப் பெட்டிக்கும் எல்லோரும் பார்க்கும்படி முன்பக்கத்திலேயே வைத்தார்.