மாமியின் கார்ச் சாவி

எட்டு வருஷமாக வலியசாலை மாமி தன் காரின் சாவியை என் உள்ளங்கையில்தான் வைப்பார். மேசைமேல் போடமாட்டார், வேறு ஆளிடம் நீட்டமாட்டார். கரமனையில் என்னுடையதைவிடப் பெரிய ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. அவற்றையெல்லாம் தாண்டித்தான் என்னிடம் வருவார். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

என் மனைவியின் தம்பி வந்து சேரும்வரை அதற்கு ஒரு குறையும் வரவில்லை. ஷோரூம் சர்வீஸில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு, லேப்டாப்பும் ஸ்கேனருமாக வந்தான். மாமியார் கேட்டுக்கொண்டது, மறுக்க முடியவில்லை. மூன்றே மாதத்தில் வருகிறவர்களெல்லாம் "பையன் இல்லையா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். முப்பது வயதுத் தடியனைப் போய்ப் பையன் என்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் மாமியின் காரில் எஞ்சின் விளக்கு எரிந்தது. என்னிடமிருந்த சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தேன். கன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டதாகக் காட்டியது. எஞ்சின் புகையிலுள்ள நஞ்சைக் குறைக்கிற பெட்டி அது. பழைய வண்டிக்கு இதெல்லாம் சகஜம் என்று அந்தப் பழுதுக் குறியீட்டை அழித்து அனுப்பிவிட்டேன். விளக்கு அணைந்த சந்தோஷத்தில் மாமி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நாலாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது.

"பிள்ளையாரையே ஏமாத்தின மாதிரி ஆயிடுத்து, கேட்டேளா" என்றபடி மாமி வந்து இறங்கினார். சாவி அவர் கையிலேயே இருந்தது. கண் என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. "அந்தப் பிள்ளை ஒண்ணு நோக்கட்டுமே."

எட்டு வருஷம் ஒரே வாக்கியத்தில் போய்விட்டது.

"நோக்குறதுக்கு ஒண்ணுமில்ல மாமி. கன்வெர்ட்டர் போயாச்சு. புதுசு போட்டே ஆகணும்" என்றேன். அதன் விலையையும் சொன்னேன். மாமியின் முகம் வாடிவிட்டது. வாடட்டும் என்றிருந்தது எனக்கு.

மச்சினன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "அத்தான், கன்வெர்ட்டரை மாத்துறதுக்கு முந்தி ஒண்ணு பாத்துகிடலாம், அல்லே?"

லேப்டாப்பில் இரண்டு கோடுகள் ஓடின. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சர், பின்னால் ஒரு சென்சர். முன்னது துள்ள வேண்டும், பின்னது அடங்கி ஓட வேண்டும். இரண்டுமே துள்ளின. "பாத்தியா? நான் சொன்னதுதான்" என்று மாமி காதில் விழும்படி சொன்னேன்.

"குழாய்ல எங்கயாவது லீக் இருந்து வெளிக்காத்து உள்ள போனாலும் இப்படித்தான் ஆடும் அத்தான்" என்றான்.

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தான். பிறகு நேராகப் போய், அப்போதுதான் நான் பிள்ளையார் படத்துக்கு ஏற்றிவைத்திருந்த ஊதுபத்தியை உருவிக்கொண்டு வந்தான். சாமிக்கு ஏற்றினதைத் தொடுகிறாயே என்று கத்தினேன். "அவருக்கும் இதில பங்குண்டு, ரெண்டாவது தேங்காய் அவருக்குத்தானே" என்று சிரித்தான். மாமியும் சிரித்தார். அந்தச் சிரிப்பும் அவனுக்கே போயிற்று.

வண்டியை லிப்டில் ஏற்றி ஸ்டார்ட் செய்தான். சைலன்சர் வாயை ஈரத்துணியால் அரைவாசி அடைக்கச் சொன்னான்; உள்ளே அழுத்தம் ஏறினால் லீக் இருக்கிற இடத்தில் காற்று வெளியே பீச்சும். நான் அடைத்துக்கொண்டு நிற்க, அவன் ஊதுபத்தியைக் குழாய் நெடுக மெல்லக் கொண்டுபோனான். கன்வெர்ட்டருக்கும் பின் சென்சருக்கும் நடுவிலுள்ள ஜாயின்ட் அருகே, அதுவரை நேராக எழும்பிய புகை வெடுக்கென்று விலகியது.

அந்த ஜாயின்டின் விளிம்பில் சிவப்புப் பேஸ்ட் பிதுங்கியிருந்தது.

நாலு மாதம் முன்பு கிளட்ச் மாற்றியபோது அந்தக் குழாயைக் கழற்றியவன் நான். கசியாமலிருக்க இடையில் வைக்கிற கேஸ்கெட்டைப் புதிதாக வாங்கப் போகாமல் பழையதிலேயே பேஸ்டைத் தடவி இறுக்கியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சிவப்புப் பேஸ்ட் வைப்பவன் நான் ஒருவன்தான். "நம்ம பேஸ்ட் பிடிச்சா விடாது" என்று பெருமையடித்துத் திரிந்தவன்.

மச்சினன் என்னை ஒருமுறை பார்த்தான். பேஸ்டை முழுக்கச் சுரண்டியெடுத்தான். புது கேஸ்கெட் போட்டு, குறியீட்டை அழித்து, பழவங்காடி வரை ஓட்டிவிட்டு வந்தான். பின் சென்சரின் கோடு அடங்கி ஓடியது.

"கன்வெர்ட்டர் நல்லா இருக்கு மாமி. ஜாயின்ட்ல சின்ன லீக். அத்தான்தான் கண்டுபிடிச்சாரு" என்றான்.

மாமி என்னைப் பார்த்துக் கை கூப்பினார். "நான் அப்பவே நினைச்சேன், உங்க கை பொய்க்காதுன்னு."

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வேலையில் என்னை மிஞ்சினான், சரி. இப்போது பெருந்தன்மையிலும் மிஞ்சுகிறான்; அதைத்தான் தாங்க முடியவில்லை. "லீக் வச்சதே நான்தான் மாமி. கிளட்ச் மாத்துனப்ப பழைய கேஸ்கெட்டையே போட்டேன். கண்டுபிடிச்சது இவன்" என்றேன். யோக்கியனாகச் சொன்னேன் என்று நினைத்துவிட வேண்டாம். முழுக்கப் பொறாமை.

மாமி சாவியை வாங்கிக்கொண்டார். "சொன்னேளே, அது போரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சர்வீஸுக்கு வருவாரா என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டேயிருந்தேன். வந்தார். காரிலிருந்து இறங்கி, மேசையைத் தாண்டி, பழையபடி நேராக என்னிடம் வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். விரல்களை இறுக மூடிக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளைட்ட குடுத்துடுங்கோ" என்றார்.