கூடை கடைக்காரனுடையது

தொம்மலூர் ஆதிகேசவனின் கம்பெனி அடையாள அட்டையில் 'தொழிலாளர் நல அலுவலர்' என்று இருக்கும். பொம்மசந்திராவில் அவர் வேலை பார்க்கும் வால்வு ஃபேக்டரித் தொழிலாளிகளில் பாதிப் பேருக்கு அவர் முகமே தெரியாது. அரசியல்வாதிகளின் வீட்டு நாய்களுக்கு நன்றாகத் தெரியும்.

தேர்தல் வந்தால் முதலாளியின் நன்கொடையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவருடைய நலப்பணி. பணம் செய்தித்தாளில் சுற்றிக் கூடையின் அடியில், ஆப்பிள் மேலே. 'பணம்' என்ற சொல்லை இரு தரப்பும் உச்சரிப்பதில்லை. வாங்குகிறவர் கூடையின் அடியில் இடது கையைக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பார்ப்பார். அதுதான் ரசீது. இதுவரை அந்தக் கை முனிராஜுடையது, முனிராஜ் ஆளுங்கட்சிக்காரர்.

1999இல் காற்று திசை மாறுவதை முதலாளி சுந்தரேசன் மோப்பம் பிடித்தார். கொள்கை மாறாதவர் அவர். ஜெயிக்கிற கட்சிக்குத்தான் கொடுப்பார்.

"இந்தத் தடவை கூடை எதிர்க்கட்சிக்கு. ஆட்சியிலே இருக்கறவாளுக்குத் தெரிஞ்சா நாளைக்கே கரண்ட் கட். அப்புறம் ஃபேக்டரியும் இல்லை, உன் வேலையும் இல்லை. புரியறதா?"

புரிந்தது. ஆதிகேசவன் எதிர்க்கட்சி வேட்பாளர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடையோடு ஹாலுக்குள் நுழைந்தார். சோபாவில் முனிராஜ் உட்கார்ந்திருந்தார்.

"ஏன்பா ஆதி, நீ இங்க?"

"தலைவருக்கு ஒடம்பு சரியில்லேன்னாங்க சார். பாத்துட்டுப் போலாம்னு..."

"யாருக்கு? இப்பதான் ரெண்டு மசால் தோசை தின்னுட்டு உள்ள போனாரு." முனிராஜின் இடது கை தானாக நீண்டது. "கொடு."

ஆதிகேசவன் கூடையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆளுங்கட்சி ஆளுக்கு இங்கே என்ன வேலை? வேவு பார்க்கத்தானே? அந்தக் கை ஒருமுறை கூடையைத் தூக்கிப் பார்த்தால் போதும், எல்லாம் முடிந்தது.

"கொடுப்பா. புது மாப்ளை மாதிரி என்னா வெக்கம், நாச்சிகை?"

ஆதிகேசவன் குனிந்தார். ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து முனிராஜின் மடியில் வைத்தார். ஆறாவது ஆப்பிளுக்குக் கீழே செய்தித்தாள் தெரிந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"கூடை?"

"கடைக்காரனோடது சார். திருப்பித் தரணும்."

"ஏய், நில்லுப்பா! டேய், யாராவது அவரைப் புடிங்க!"

வாசலில் இரண்டு பேர் எழுந்தார்கள். ஆதிகேசவன் செருப்பை மறந்து, கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு, தெருவில் போன ஆட்டோவில் பாய்ந்து ஏறினார்.

அவருக்கு முன்பே டெலிபோன் போய்ச் சேர்ந்துவிட்டது. சுந்தரேசன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"அசடே! முனிராஜ் நேத்திக்கே கட்சி மாறிட்டானாம். நம்ம கூடையை வாங்கிக்கத்தான் அங்கே உக்காந்திருந்தானாம்!"

பழைய கட்சி, புதுக் கட்சி, இரண்டிலும் அதே இடது கைதான். வேலை போகவில்லை, இவ்வளவு தெரிந்த ஆளை வீட்டுக்கு அனுப்ப சுந்தரேசனுக்குத் துணிச்சல் இல்லை. நலப்பணிகளில் சிறந்து விளங்குவதாக அவ்வருட ஆண்டறிக்கையில் ஆதிகேசவனுக்குப் பாராட்டும் வந்தது.

அன்று அவர் செய்தது இதுதான்: ஆறு ஆப்பிளைக் கொடுத்துவிட்டு, பணத்தை வெறுங்காலோடு கொண்டுவந்து முதலாளி மேஜைமேல் வைத்தார்.