‘அடுத்த’ என்று தட்டினால்

இன்று ஊர்காவற்றுறையில் ஒரு போன் கடைக்குப் போனேன்.

பாரிசில் என் கணவருக்கு விசா அலுவல் இன்னும் சரிவரவில்லை. ஆள் வரமுடியாது, அவர் பாவித்த போன் வந்திருக்கிறது. ஆனால் எங்கள் சிம்மைப் போட்டால் ஏற்கமாட்டேன் என்கிறது.

கடைக்காரத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அக்கா, இது பிரான்ஸ் கொம்பனி லொக் பண்ணின போன். லொக்கை உடைக்கலாம். ஆனா உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் அழிஞ்சுபோம்.”

“படமெல்லாம் அவரே அழிச்சுப்போட்டுத்தான் அனுப்பினவர். நீர் உடைச்சு விடும்.”

“எதுக்கும் தமிழ் எழுத்து விழுதோ எண்டு ஒருக்காத் தட்டிப் பாருங்கோ.”

அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டுமே என்ற யோசனையில் ‘அடுத்த’ என்று தட்டினேன்.

‘வருசம்’ என்று போன் தானாக எடுத்துக் கொடுத்தது. தொட்டேன். உடனே ‘வாறன்’ என்றது.

அவர் அடிக்கடி தட்டிய சொற்களை அது பாடமாக்கி வைத்திருக்கிறது. அவ்வளவும் எனக்கு வந்த மெசேஜ்கள்தான்.

“என்னக்கா, உடைக்கவோ, விடவோ?”

அந்த ‘வாறன்’ஐயும் ஒருக்காத் தொட்டேன். பிறகு போனைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில், எங்கள் சிம்மோடு வேலை செய்கிற போனில், மறுபடியும் ‘அடுத்த’ என்று தட்டினேன்.

‘வாரம்’ என்றது.

லொக் உடைந்ததும் போனே இவ்வளவு இறங்கி வந்துவிட்டது. ஆளுக்குப் போட்டிருக்கிற லொக்கை உடைக்கிற கடை எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கோ.