காளியாயியின் திருச்சி நாற்று

உங்கள் கொல்லையில் காய்க்கும் தக்காளி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று ஓர் அதிகாரி மேசையைத் தட்டிக் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? சிரிக்காதீர்கள். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் காளியாயியிடம் உண்மையிலேயே கேட்டார்கள்.

காளியாயி டயகமத் தோட்டத்தில், கூலிச் சனம் குடியிருக்கும் லய வரிசையில் பிறந்தவள். கல்யாணம் கட்டிக் கந்தப்பளைக்கு வந்தாள். கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. வரும்போது தாய் அவள் முந்தானையில் இரண்டு வகை விதைகளை முடிந்துவிட்டாள். ஒன்று வரி வரியாகப் புடைத்த பெரிய தக்காளி, மற்றது கறிமிளகாய். இரண்டும் தோட்டத்துத் துரையின் பங்களாத் தோட்டக்காரன் அழுகலென்று வீசியெறிந்த பழங்களில் தாய் பொறுக்கியவை.

வருஷந்தோறும் நல்ல பழம் ஒன்றைப் பறிக்காமல் விட்டு, விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைப்பாள். முளைப்பது அதிகம், லயத்துக்குப் பின்னால் இருந்த பாத்தியோ பாய் விரிக்கும் அளவுதான். மிஞ்சிய நாற்றுகளைப் பால் டின்களில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சோமசுந்தரம் கடை வாசலில் விற்கப் போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு, துணிந்து ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

“திருச்சி விதைங்க! எங்க பாட்டன் பொறந்த மண்ணுலயிருந்து வந்தது!”

பதினொரு மணிக்குள் எல்லாம் போய்விட்டது. இந்தியாவிலிருந்து வந்ததென்றால் சேலையானாலும் சாமி படமானாலும் நம் சனத்துக்கு ஒரு மயக்கம். அதன்பிறகு எட்டு வருஷம் அதே கூவல்தான்.

தோட்டச் சனத்தின் பிரஜாவுரிமையைச் சட்டம் பறித்தபின் அவளும் புருஷனும் சேர்ந்து ஒரு மனு போட்டிருந்தார்கள்; இந்த 1954 தொடக்கத்தில் அதன் விசாரணைக்கு நுவரெலியாவுக்கு வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. அவளிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்தில் பிறந்த பெண்பிள்ளையை அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்?

“ரெண்டு டின்னக் கையோட எடுத்துட்டுப் போ” என்றார் சோமசுந்தரம். “இத்தன வருஷமா இங்கயே பயிர் வச்சுப் பொழைக்கிறேன்னு காட்டு.”

“செடி சாட்சி சொல்லுமா மொதலாளி?”

“ஒன் புருஷனவிட நல்லாவே சொல்லும்.”

புருஷன் மூக்கனோ முனியாண்டிச் சாமிக்குச் சேவல் நேர்ந்துகொண்டான். முனியாண்டிக்கு ஆங்கிலம் தெரியுமா என்று யோசிக்கவில்லை.

விசாரணையில் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, குமாஸ்தா தமிழில் சொன்னார். டயகமவில் பிறந்ததாகக் காளியாயி சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். அப்போது குமாஸ்தாவின் கண் டின்மேல் விழுந்தது.

“அட, திருச்சி நாத்து! நீதானாம்மா அது? எங்க வீட்லயும் காய்ச்சுக் குலுங்குது.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அதிகாரி என்னவென்று கேட்டார். குமாஸ்தா விளக்கினார். அதிகாரி மேசையைத் தட்டினார்.

“தக்காளி விதை எந்த நாட்டுலயிருந்து வந்ததுன்னு கேக்குறார். யார் அனுப்புறாங்க? இந்தியாவுல ஒனக்கு நெலம் இருக்கா?” அங்கே ஒட்டுறவு உண்டென்று பதிவானால் மனு அதோடு போச்சு.

காளியாயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பங்களா விதை என்றால் தாயைத் திருடி என்பார்களோ? பாத்தியும் துரையின் மண்ணாயிற்றே! கடைசியில் உண்மையில் பாதியைச் சொன்னாள்.

“யாரும் அனுப்பலைங்க சாமி. சும்மா சொன்னேன். யாவாரத்துக்கு.”

“அப்ப பொய்யா?” அதிகாரியின் கேள்வியைக் குமாஸ்தா தமிழில் சொன்னார்.

“ஆமாங்க.”

“டயகமவுல பொறந்தேன்னு சொன்னதும் யாவாரத்துக்கா?”

அது மெய் என்று எப்படிக் காட்டுவது? டின்னைப் பார்த்தாள், குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். கப்பலேறி வந்த தேயிலைச் செடியிடம் யாரும் பத்திரம் கேட்கவில்லை. அதைப் பறிக்கிறவளிடம் கேட்டார்கள். முடிவைக் கடிதத்தில் தெரிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். ‘உண்மையச் சொன்னதுக்கா இப்படி, பொய் சொன்னதுக்கா?’ பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு விளங்கவில்லை.

நான்கு மாதம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பார்த்து, “தள்ளிட்டாங்க” என்றார். சோமசுந்தரமோ, “இல்ல, சாட்சி கேக்குறான், கெடு வச்சிருக்கான்” என்றார். எந்தத் தேதிக்குள் என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. மனு போனால் அவளும் மூக்கனும் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்கள்.

“யாரு சொல்றத நம்புறதுங்க?” என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தத் தாளை நீட்டுகிறாள்.

கந்தப்பளைக்காரர்களே, ஆங்கிலம் தெரிந்தவர் எவராவது இந்த ஞாயிறே போய் அந்தக் கடிதத்தை முழுதாக வாசித்துச் சொல்லுங்கள். அவளிடம் நாற்று வாங்கியவர்கள், எந்த வருஷம் வாங்கினோம், அவள் எங்கே நின்று விற்றாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கெடு எப்போது முடிகிறதென்று தெரியாது. இன்றே எழுதுங்கள்.