ஒன்பது வருடம் நின்ற அம்பாசிடர்

காலடிப்பேட்டை ஷெட்டிலிருந்து எங்கள் பழைய அம்பாசிடரை எடுத்த அன்று நானும் அம்மாவும் மெக்கானிக் தாஸ் அண்ணனும் இருந்தோம். அப்பா வரவில்லை. ஒன்பது வருடம் முன்பு ரிப்பேர் வேலையைப் பாதியில் விட்டு அதை நிறுத்தியவர் அவர்தான். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை.

இன்ஜின், ஏசி, பெயின்ட் எல்லாம் என் சம்பளத்தில் புதிதாகச் செய்தேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவன் நான்.

"ஏன் நிறுத்துனாருன்னு நைனாவ ஒரு வார்த்த கேட்டுக்கோ தம்பி," என்றார் தாஸ் அண்ணன்.

"துரு புடிக்க வுட்டவருக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து எண்ணூர் சாலையில் போனேன். எதிரே கன்டெய்னர் லாரி நின்றது. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரையோடு போய்விட்டது. ஸ்டியரிங்கை ஒடித்து மணல் மேட்டில் மோதினேன். அம்மாவுக்கு உதடு கிழிந்ததோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்த அப்பா அம்மாவை மட்டும் பார்த்தார். பிறகு என்னிடம், "உப்புக் காத்துல பிரேக் பைப்பு அரிச்சிகினு கீதுன்னுதான்டா நிறுத்தனேன். டிகிரி வாங்கிட்டா வாயத் தொறந்து கேக்க மாட்டியா, பேமானி?" என்றார்.

இன்றும் பேச்சு இல்லை. ஆனால் பழைய வண்டி எதையும் தொடும் முன் அதைக் கடைசியாக ஓட்டியவரிடம், பிடிக்காதவராக இருந்தாலும், கேட்டுவிடுகிறேன். மாற்றாமல் விட்ட பைப் எழுநூறு ரூபாய். பம்பர், ரேடியேட்டர், அம்மாவின் தையல் எல்லாம் சேர்த்து முப்பத்தோராயிரம் ஆனது.